இறக்கி வைக்கும் உரிமை
செங்கல்பட்டுச் சீமையில் பல்லக்கும் சுமந்தவர்களும்



புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையை நாட்குறிப்புக்காரராக எல்லோருக்கும் தெரியும். அவர் நம் செங்கல்பட்டுக் கோட்டைக்கு அதிபதி ஆனவர் என்பது இந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1709-இல் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரி போய், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரையிடம் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். 1749-இல், தக்காண நிஜாம் பட்டத்துக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கான மன்சப் விருதைக் கொடுத்து, செங்கல்பட்டுக் கோட்டையையும் அதைச் சுற்றிய சீமையின் ஜாகீரையும் அவர் பேருக்கு எழுதினார். இவை போக, புதுச்சேரியில் அவருக்குச் சில தனி மரியாதைகள் இருந்தன. மேளதாளத்தோடு பல்லக்கில் ஏறி கவர்னர் மாளிகை முற்றம் வரை போகலாம். கவர்னரின் கூடத்துக்குள் செருப்போடு நுழையலாம். தங்கப் பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம்.

இதில் பிள்ளைக்கு எது பயன்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். கோட்டைக்குள் 1751-இல் பிரெஞ்சுப் படை வந்து உட்கார்ந்தது. 1752-இல் கிளைவ் அதைப் பிடித்தான். ஜாகீர் காகிதத்தோடு நின்றது. பல்லக்குதான் நிஜமாக நகர்ந்தது. முற்றம் வரைக்கும் போகலாமா, வாசலிலேயே இறங்க வேண்டுமா என்பதில் ஒரு மனிதனின் அந்தஸ்து முழுவதும் அடங்கியிருந்தது.

இந்தச் சொற்பொழிவில் நான் சொல்லப் போவது இங்கிருந்துதான் தொடங்குகிறது. பல்லக்கை நாம் பழைய காலத்து வண்டி என்று நினைத்துக்கொள்கிறோம். மாட்டு வண்டிக்கு முன்னால் ஒன்று, மோட்டாருக்கு முன்னால் ஒன்று என்று வரிசையில் வைத்துப் பார்க்கிறோம். அது தவறான வரிசை. பல்லக்கு ஓடிய காலம் முழுவதும் மாட்டு வண்டியும் ஓடியது. போய்ச் சேர்வது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் பல்லக்கு அவ்வளவு காலம் நீடித்திருக்காது. அது உரிமம். யார் ஏறலாம், எந்தத் தெருவில் ஏறலாம், எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று எழுதியும் எழுதாமலும் கிடந்த உரிமம். அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சுமக்கிறவன் இறக்கி வைக்கலாமா? இந்தக் கேள்வியை நம் வரலாறு ஏறக்குறைய கேட்டதே இல்லை. இன்று அதைத்தான் கேட்கப் போகிறேன்.

செங்கல்பட்டு என்று நான் சொல்வது 2019 நவம்பரில் தனியாகப் பிரிந்த மாவட்டத்தை மட்டும் அல்ல. காஞ்சிபுரம், குன்றத்தூர், மதுராந்தகம், மாமல்லபுரம் எல்லாம் ஒன்றாகக் கிடந்த பழைய ஜில்லா.

உரிமத்துக்கு ஒரு நல்ல சான்று காஞ்சிபுரத்துக் கைக்கோளர்கள். விஜயநகர ஆட்சியில், 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேறு ஊர்களின் நெசவாளர்கள் தங்களுக்கும் தண்டும் சங்கும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. தண்டு என்பது பல்லக்கு. கலியாணத்திலும் சாவிலும் பல்லக்கில் போகலாம், முன்னால் சங்கு ஊதலாம். அப்படிக் கேட்டபோது முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டவர்கள் காஞ்சிபுரத்துக் கைக்கோளர்கள். அவர்களுக்கு உள்ளது எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் வாதம். நெசவு செழித்த காலம் அது. தறியில் பணம் வந்ததும் அந்தச் சமூகம் கேட்ட முதல் பொருள்களில் ஒன்று பல்லக்கு. நிலத்தையும் வரிக்குறைப்பையும் போல அரசனிடமிருந்து கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாக அது இருந்தது.

கொடுக்கும் உரிமை என்றால் மறுக்கும் உரிமையும் கூடவே வரும். 1707-இல் சென்னைப் பட்டினத்தில் வலங்கையார், இடங்கையார் என்ற இரு சாதிப் பிரிவினருக்கும் இடையே மூண்ட சண்டை கலியாண ஊர்வலங்களில்தான் தொடங்கியது. எந்த வகுப்பார் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று கும்பினி கவர்னர் தாமஸ் பிட் தலையிட்டுத் தெருக்களைப் பங்கு பிரிக்க வேண்டி வந்தது. வியாபாரம் செய்ய வந்த வெள்ளைக்காரன் நம் ஊர்வலப் பாதைக்கு அளவுக்கல் நட்டான் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் படிக்க வேண்டும்.

இனி சாலைக்கு வருவோம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது பல்லக்கில் ஓர் இரவு. அடையாறு தாண்டி, திருவான்மியூர், முட்டுக்காட்டுக் கழி, கோவளம், திருவிடந்தை, பிறகு மாமல்லபுரம். இன்னும் தெற்கே போனால் டச்சுக்காரர்களின் சதுரங்கப்பட்டினம். பாதி மணல், பாதி உப்பங்கழி. பகல் வெயிலில் அந்த மணலில் காலை வைக்க முடியாது. அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகு கிளம்புவார்கள்.

மாமல்லபுரத்தை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர்கள் இந்த வழியாக வந்தவர்கள். வில்லியம் சேம்பர்ஸ் 1772-இலும் 1776-இலும் வந்து பார்த்து எழுதியது 1788-இல் அச்சானது. மரியா கிரஹாம் என்ற பெண்மணியின் பயண நூல் 1812-இல் வந்தது. பாபிங்டன் கல்வெட்டு எழுத்துகளை ஆராய்ந்து எழுதியது 1830-இல். ரதங்களின் சிற்பத்தைப் பற்றி இவர்கள் எழுதியதில் ஒரு பங்கு கூட, ஆள் தோளில் ஏறிப் பயணம் செய்த அந்தத் தலைமுறை தன்னைச் சுமந்தவர்களைப் பற்றி எழுதவில்லை. எழுதியபோதும் பெரும்பாலும் புகார்தான். சுமந்தவர்கள் எழுதியது ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. ஆக, வேலை எப்படி நடந்தது என்பதைப் பயணிகளின் புகார்களிலிருந்தே பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

பொறுக்கினால் கிடைப்பது இது. நீண்ட பயணத்துக்குப் பன்னிரண்டு பேர் வரை அமர்த்துவார்கள். ஒரு நேரத்தில் பாதிப் பேர் தண்டின் கீழே, மீதிப் பேர் பக்கத்தில் வெறுங்கையோடு ஓடிவருவார்கள். தீவட்டி பிடிக்க ஒருவன். சாமான் பெட்டிகளைக் காவடியாகத் தூக்க இன்னொருவன். சென்னையில் இந்தத் தொழிலுக்குப் பேர்போனவர்கள் தெலுங்கு பேசும் போயிகள். தமிழ்ப் பக்கத்தில் சிவியார் என்று ஒரு வகுப்பாருக்கே இதனால் பெயர் வந்தது. தலைச்சுமைக்காரருக்கு வழியெங்கும் சுமைதாங்கிக் கல் இருந்தது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்ட கல். பல்லக்குக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டே ஆள் மாற வேண்டும், தோள் மாற வேண்டும். உள்ளே படுத்திருப்பவர் விழித்துக்கொள்ளாமல் மாறுவதுதான் தொழில் நுட்பம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நான்கு பேர் ஒரே தாளத்தில் கால் வைத்தால் தண்டு மேலும் கீழும் குதிக்கும். படுத்திருப்பவருக்குக் குடல் புரளும். அதனால் கால்களை ஒத்துப் போடாமல், முழங்காலைச் சற்று மடக்கி, குறுநடையாக ஓட வேண்டும். இன்றும் ஸ்ட்ரெச்சர் தூக்கும் படைவீரர்களுக்கு இதே பாடம்தான் சொல்லித்தருகிறார்கள். முன்னால் போகிறவன் வாயால் ஒரு முனகல் கொடுப்பான். பின்னால் உள்ளவன் வாங்கிக்கொள்வான். பள்ளம், கல், தண்ணீர் எல்லாம் அந்த முனகலிலேயே பின்னால் போய்விடும். பல்லக்குக்குள் இருந்த துரைகள் இதைப் பாட்டு என்று எழுதி ரசித்தார்கள். மூச்சு வாங்குகிறவனுக்கு அது சமிக்ஞை.

அந்தப் பயணக் குறிப்புகளில் ஒரு புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. நடுவழியில் போயிகள் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டார்கள். கூலி கூட்டிக் கேட்டார்கள். இருட்டில் காணாமல் போனார்கள். படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது. ஏறியவர் உண்மையில் எவ்வளவு நிராதரவானவர் என்று யோசியுங்கள். ஊர் தெரியாது, வழி தெரியாது, மொழி தெரியாது. பெட்டிக்குள் படுத்திருக்கிறார். வெளியே பன்னிரண்டு பேர். கூலிக்குச் சுமந்த போயியிடம் இந்த ஒரு பலம் இருந்தது. இறக்கி வைத்தால் போதும். ஆனால் அதிகாரி ஒருவர் சுற்றுப்பயணம் வருகிறார் என்று ஊரில் ஆள் பிடித்துக் கூலியில்லாமல் அமஞ்சியாகச் சுமக்க வைத்தால், பிடிபட்டவனுக்கு அந்தப் பலம் கிடையாது. சுமை ஒன்றுதான், தண்டு ஒன்றுதான், நிலைமை வேறு.

உலகம் முழுவதும் கதை இப்படித்தான். லண்டனில் 1634-இல் சர் சாண்டர்ஸ் டன்கோம்ப் நாற்காலிப் பல்லக்கை வாடகைக்கு விடத் தனியுரிமை பெற்றார். எடின்பரோவில் மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் சுமந்தார்கள். ஹாங்காங்கில் 1888-இல் டிராம் வரும்வரை துரைமார்கள் சிகரத்துக்கு நாற்காலியில்தான் ஏறினார்கள். எங்கேயும் பல்லக்கை ஒழித்தது மனிதாபிமானம் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அதைவிட மலிவான ஒன்று வந்தது. நம் கடற்கரையில் வந்தது கால்வாய். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்கு மண் வெட்டியவர்களின் உழைப்பு அதில் கலந்திருக்கிறது. பெயர் மட்டும் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போனது. மாலையில் படகு ஏறினால் காலையில் மாமல்லபுரம். படகில் நன்றாகத் தூங்கலாம். பன்னிரண்டு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இலக்கியம் தெரிந்தவர்கள் இதற்குள் 37-ஆம் குறளை நினைத்திருப்பீர்கள். சிவிகையைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் காட்டி அறத்தைப் பேசும் குறள். அறத்தின் பயனை நூலால் சொல்ல வேண்டாம், இவ்விருவரையும் பார்த்தாலே தெரியும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இவ்விருவர் நிலையையும் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்பது பின்னால் வந்தவர்கள் பலர் கொண்ட பொருள். பட்டிமன்றம் முடியாது, நான் அதற்குள் போகப்போவதில்லை. இரண்டு பொருளிலும் சுமப்பவன் சுமந்துகொண்டேதான் இருக்கிறான், ஊர்பவன் ஊர்ந்துகொண்டேதான் இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

யாராவது ஒருவர் இறங்கும் காட்சி நம் ஜில்லாக்காரர் ஒருவரால் எழுதப்பட்டது. குன்றத்தூர்ச் சேக்கிழார். திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் அருளால் முத்துச் சிவிகை பெற்ற திருஞானசம்பந்தர், திருப்பூந்துருத்திக்கு வருகிறார். வயதில் எவ்வளவோ மூத்தவரான அப்பர், கூட்டத்துக்குள் புகுந்து, யாரும் அறியாமல் சிவிகையைத் தாங்குவோரில் ஒருவராகிறார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் மேலிருந்து கேட்க, கீழிருந்து பதில் வருகிறது. அந்தக் கணமே சம்பந்தர் பதறிக் கீழே குதித்துவிடுகிறார். பக்தியின் உருக்கமாகவே இதைக் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். நான் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கிறேன். அப்பர் தோள் கொடுத்தது அவர் விருப்பம். எந்த நொடியிலும் விலகியிருக்கலாம். அவர் பெயர் தெரிந்ததும் மேலே இருப்பவரால் ஒரு நொடி கூட உட்கார முடியவில்லை. பெயர் தெரியாத மற்றத் தாங்கிகள் பற்றிக் கவலை எழவில்லை. சேக்கிழார் வைத்த இந்த முள்ளை நாம் இன்னும் எடுக்கவில்லை.

கோயில் தாங்கிகளின் கதை இதற்கு நேர் எதிர். வைணவக் கோயில்களில் ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று மரியாதையாகச் சொல்லும் கூட்டம் இருக்கிறது. பெருமாளுக்குத் தோளுக்கினியான் என்றே ஒரு பல்லக்கு. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் புறப்படுகிறார். இருபது கிலோமீட்டருக்கு மேல் தோளிலேயே போகிறார். மலை ஏறி நரசிம்மர் சந்நிதிக்குப் போய், பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடலுக்கும் போகிறார். வழியெல்லாம் ஊர்ச் சனம் நிறுத்தி நிறுத்திக் கற்பூரம் காட்டுகிறது. மாசி மகத்தில் மாமல்லபுரம் கடற்கரைக்குத் தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போதும் மணலில் கால் புதையத் தோள்தான். 

மனிதனைச் சுமந்தவன் ஆட்டம் தெரியாமல் சுமக்க வேண்டும் என்றேன். கடவுளைச் சுமக்கிறவன் ஆட்டிச் சுமக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டில் சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நடைகளுக்குப் பெயரே உண்டு. எல்லோரும் ஒரே தாளத்தில் கால் வைத்தால்தான் பெருமாள் நடப்பது போல் இருக்கும். அதே தோள், அதே தண்டு. கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் தலைகீழ். இந்த வேலையை விடச் சொன்னால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை அது. இதையும் போயியின் கூலிச் சுமையையும் ஒரே தராசில் நிறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த உரிமை யார் யாருக்கு இல்லை என்ற கேள்வியைக் கோயில்கள் தட்டிக்கழிக்க முடியாது.

மடங்களுக்கு வந்தால் விஷயம் சிக்கலாகிறது. காஞ்சி மடத்தில் பல்லக்கை மேனா என்பார்கள். 1907-இல் கலவையில் பீடமேறிய சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் ஆரம்ப காலத்தில் மேனாவில் யாத்திரை போனவர். எண்பது வயதுக்கு மேல் மகாராஷ்டிரம் வரை நடந்தே போய் வந்தார். தருமபுரம் ஆதீனத்தில் குருவைப் பல்லக்கில் சுமந்து வரும் பட்டினப் பிரவேசத்துக்கு 2022 ஏப்ரல் கடைசியில் மயிலாடுதுறைக் கோட்டாட்சியர் தடை விதித்ததும், எதிர்ப்பு எழுந்து மே 8-இல் தடை விலகியதும், மே 22-இல் பல்லக்கு புறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். மனிதனை மனிதன் சுமப்பது இழிவு என்றது ஒரு தரப்பு. நாங்கள் குருவை விரும்பிச் சுமக்கிறோம் என்றது மறு தரப்பு. என் அளவுகோல் ஒன்றுதான்: அடுத்த ஆண்டு தோள் கொடுக்க ஒருவன் மறுத்தால், ஊரிலோ தொழிலிலோ அவனுக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? இல்லை என்றால் அரசுக்கு அங்கே வேலை இல்லை. உண்டு என்றால் அது பக்தி இல்லை.

இந்த அளவுகோலை நான் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. இந்த ஊரிலேயே கிடைத்தது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பல்லக்கு ஏறும் உரிமையை அவர் கேட்கவில்லை. தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்டார். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் கைக்கோளர் கேட்டதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1929 பிப்ரவரியில் சௌந்தரபாண்டியனார் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது இதே செங்கல்பட்டில். பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது அது. 1749-இல் பட்டங்கள் பொழிந்த கோட்டையின் ஊரிலேயே பட்டங்களைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள்.

பல்லக்கைப் போலவே மனிதன் மனிதனை இழுத்துப் போன கை ரிக்ஷாவையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1973-இல் தமிழக அரசு அதை ஒழித்தது. அப்போது செய்த சரியான காரியம், தடை உத்தரவோடு நிற்காமல் இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா கொடுத்தது. மகாராஷ்டிரத்து மாதேரான் மலையில் கை ரிக்ஷாவை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் சொன்னது 2025-இல்தான். ஐம்பது ஆண்டு இடைவெளி.

முடிந்துவிட்டதா? சோளிங்கரில் 1300-க்கு மேற்பட்ட படிகளுக்கு முதியவர்களை டோலியில் தூக்கினார்கள். 2024-இல் ரோப் கார் வந்தது. சபரிமலையில் டோலி இன்றும் ஓடுகிறது, தூக்குகிறவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். அவர்கள் கூலிக்காக வேலை நிறுத்தம்கூடச் செய்கிறார்கள்; போயிகளின் வாரிசுகள் என்று நான் அவர்களை மதிக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. மலைக் கிராமங்களில் பிரசவ வலி வந்தவளையும் பாம்பு கடித்தவனையும் மூங்கிலில் தூளி கட்டித் தூக்கி வருகிறார்கள். 2023-இல் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாயே சுமந்து மலை ஏறினாள், சாலை இல்லை. இங்கே ஏறியவருக்கும் மரியாதை இல்லை, சுமந்தவருக்கும் கூலி இல்லை. இறக்கி வைக்கவும் முடியாது. பல்லக்கு ஒழிய வேண்டும் என்று பேசுகிறவர்கள் மடத்து வாசலில் செலவிடும் மூச்சில் பாதியையாவது இந்தச் சாலைகளுக்குச் செலவிடட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தை மாதம் மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்துக்குப் போங்கள். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்து அந்த வழிதான். தாங்கிகள் ஓய்ந்து உட்காரும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தோள் மாற எப்படிக் குறிப்புக் கொடுக்கிறீர்கள், முன் தண்டுக்கு யாரைப் போடுவீர்கள், தோள்பட்டை காய்த்துப்போக எத்தனை வருஷம் ஆகும், உங்கள் பிள்ளைகள் வருகிறார்களா, என்ன கொடுக்கிறார்கள். பேரோடு, ஊரோடு எழுதுங்கள். சேம்பர்ஸ் தொடங்கி இன்றுவரை ஏறியவர்கள் எழுதியாகிவிட்டது. சுமந்தவர்கள் சொன்னதாக ஒரு நூல்கூட இந்தச் சீமையைப் பற்றி என் மேசையில் இல்லை. அதை உங்களில் ஒருவர் எழுதிக் கொண்டுவந்தால் முதல் பிரதியை நான் விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.